மன்கூலும் மன்ஃகூலும்

ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் நூல்களை எடுத்துச் சொல்லப் புகுவோர் 'இஹ்யா உலூமித்தீ'னில் தொடங்கி, 'தஹாஃபுத்துல் ஃபலாஸிஃபா'வைத் தொட்டு, 'அல்-முன்கிஸ்' நூலில் முடித்துவிடுவது வழக்கம். இளமைப் பருவத்தில் அவர்கள் யாத்த 'அல்-மன்ஃகூல் மின் தஃலீகாத்தில் உஸூல்' என்னும் நூலை, அரபிக் கல்லூரிகளில் மேல்வகுப்புப் பயின்றோர் நீங்கலாக, நம்மில் பலர் அறிந்திலர். ஷரீஅத் சட்டத்தின் மூலாதாரங்களைப் பற்றிய நூல் அது. அதன் உட்பொருளை நான் இங்கே விரித்துரைக்கப் போவதில்லை. அதன் தலைப்பே இக்கட்டுரைக்குப் போதுமானது.

அரபியில் 'நகல' என்னும் வினையடியாகப் பிறந்த 'மன்கூல்' என்ற சொல் ஒன்றுண்டு. ஒருவரிடம் கேட்டு மற்றொருவருக்கு எடுத்துரைக்கப்பட்டது என்பது அதன் பொருள். நாம் தமிழில் 'நகல்' என்கிறோமே, அதன் வேரும் இதுவே. 'நஃகல' என்னும் வேறொரு வினையடியாகப் பிறந்தது 'மன்ஃகூல்'. மாவு சலிக்கும் சல்லடைக்கு அரபியில் 'முன்ஃகல்' என்று பெயர். ஆகவே மன்ஃகூல் என்றால் சலித்தெடுக்கப்பட்டது. தமிழில் எழுதும்போது இரண்டுக்கும் இடையே ஓர் ஆய்த எழுத்துத்தான் வேறுபாடு. பொருளிலோ அது மலையளவு வேறுபாடு. 'உஸூல் கலையின் தஃலீகாக்களிலிருந்து சலித்தெடுக்கப்பட்டது' என்பதே அந்நூல் தலைப்பின் பொருளாகும்.

தஃலீகா என்பது என்ன? தொங்கவிடுதல், இணைத்தல் என்னும் பொருளுடைய சொல் அது. பண்டைய மத்ரஸாக்களில் உஸ்தாத் வாய்மொழியாக நடத்தும் பாடத்தை மாணவர் எழுதிக்கொள்வது முதற்படி. பின்னர் அதனைத் திரும்பத் திரும்ப ஓதி, மாற்றுக் கருத்துகளைச் சேர்த்து, மிகையானவற்றை நீக்கி, ஒழுங்குபடுத்தி உஸ்தாதிடம் காட்டுவார். உஸ்தாத் வினாக்களைத் தொடுப்பார். அதில் தேறியவரே 'முனாளரா' என்னும் வாத அரங்கில் அமரத் தக்கவர். சில தஃலீகாக்கள் நாளடைவில் தனி நூல்களாகவே புழங்கலாயின. அவற்றுள் உஸ்தாத் எங்கே முடிகிறார், மாணவர் எங்கே தொடங்குகிறார் என்று கோடு கிழித்துக் காட்டுவது எளிதன்று.

இமாமவர்களின் தஃலீகாவைப் பற்றிய ஒரு நிகழ்ச்சி நம் மேடைகளில் அடிக்கடி சொல்லப்படுவதுண்டு. ஜுர்ஜானில் கல்வி பயின்று தூஸ் நகருக்குத் திரும்பும் வழியில் கொள்ளையர் அவர்களுடைய பொருள்களைப் பறித்துக்கொண்டனர். தஃலீகா இருந்த பையை மட்டுமாவது தந்துவிடும்படி இமாமவர்கள் கெஞ்சினார்கள். பையைப் பறிகொடுத்ததும் பறிபோகிற கல்வியும் ஒரு கல்வியா என்று கொள்ளையர் தலைவன் எள்ளி நகையாடிவிட்டு அதனைத் திருப்பித் தந்தான். ஊர் வந்த இமாமவர்கள் மூன்றாண்டு உழைத்து அது முழுவதையும் மனனம் செய்தார்கள். இமாம் தாஜுத்தீன் ஸுப்கீ (ரஹ்) அவர்களின் 'தபகாத்'தில் இச்செய்தி காணப்படுகிறது. மனனத்தின் சிறப்புக்கு இதனைச் சான்று காட்டுவர். காட்டட்டும். ஆனால் கதை மனனத்தோடு முடிந்துவிடவில்லை. மனனம் செய்தவர் அங்கேயே நின்றிருந்தால் ஜுர்ஜான் உஸ்தாதின் நல்லதொரு நகலாக வாழ்ந்து மறைந்திருப்பார். அவர் நீஷாப்பூருக்குச் சென்றார். இமாமுல் ஹரமைன் ஜுவைனீ (ரஹ்) அவர்களிடம் சேர்ந்தார். அவர்களுடைய பாடங்களைச் சல்லடையில் இட்டார். அதன் விளைவே அல்-மன்ஃகூல்.

அந்நூலைக் கண்ணுற்ற உஸ்தாத், தாம் உயிரோடிருக்கும்போதே மாணவர் தம்மை அடக்கம் செய்துவிட்டதாகவும், தாம் மறையும்வரை பொறுத்திருக்கலாகாதா என்றும் சொன்னதாக வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். உஸ்தாதின் மறைவு ஹிஜ்ரி 478 (கி.பி. 1085). ஹிஜ்ரி 450 இல் பிறந்த மாணவருக்கு அப்போது முப்பது வயது நிரம்பவில்லை. நூல் உஸ்தாதின் காலத்தில் எழுதப்பட்டதா, பின்னரா என்று ஐயுறுவாரும் உளர். எவ்வாறாயினும், ஒரு மாணவரின் முதல் நூலைப் பற்றி ஓர் உஸ்தாத் வழங்கக்கூடிய பாராட்டுகளுள் இதனினும் உயர்ந்தது எனக்குத் தெரியவில்லை. அதில் சிறு வருத்தமும் கலந்திருந்தது என்பதை ஆசிரியத் தொழிலில் இருப்போர் உணர்வர்.

இத்தஃலீகாவை உலகக் கல்வி வரலாற்றின் நடுவே கொண்டுவந்து நிறுத்தியவர் ஜார்ஜ் மக்திஸீ (1920–2002) என்னும் அறிஞர். லெபனானிய வழித்தோன்றல், அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் பிறந்தவர், பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கியவர். கல்லூரிகளின் எழுச்சியைப் பற்றி அவர் எழுதிய பெருநூல் 1981 இல் எடின்பரோவில் வெளிவந்தது. வஸீர் நிஜாமுல் முல்க் எழுப்பி ஹிஜ்ரி 459 இல் (கி.பி. 1067) பக்தாதில் திறக்கப்பட்ட நிஜாமிய்யா போன்ற மத்ரஸாக்களின் வக்பு அமைப்பையும், பாடமுறையையும், வாதமுறையையும் அவர் நுணுகி ஆராய்ந்தார். பாடம் நடத்தவும் ஃபத்வா வழங்கவும் அளிக்கப்பட்ட 'இஜாஸத்துத் தத்ரீஸ் வல் இஃப்தா' என்னும் அனுமதியே, இடைக்கால ஐரோப்பாவில் பாடம் நடத்துதற்குரிய உரிமமாகவும் பின்னர் டாக்டர் பட்டமாகவும் உருக்கொண்டது என்பது அவர் துணிபு.

மக்திஸீயின் பெயரைச் சொல்லி, 'மேனாட்டுப் பல்கலைக்கழகம் முழுதும் நம்மிடமிருந்து போனதே' என்று முழங்குவோரை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். மக்திஸீ அவ்வாறு சொல்லவில்லை. பல்கலைக்கழகம் என்னும் சட்டப்படியான கூட்டமைப்பு ஐரோப்பாவின் ஆக்கம் என்பதை அவரே ஒப்புகிறார். அவருடைய கருத்தை மறுத்த அறிஞர்களும் இருக்கின்றனர். இஜாஸத் என்பது ஓர் ஆலிம் மற்றோர் ஆலிமுக்குத் தனிமனிதராக நின்று வழங்கியதே அன்றி மத்ரஸா வழங்கியதன்று. ஐரோப்பியப் பட்டமோ ஆசிரியர் குழாம் கூடி வழங்கியது. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்ததற்கு நேரான ஆவணமும் கிடைத்திலது. ஒப்புமை இருக்கிறது, அது வியப்பூட்டுவதாகவும் இருக்கிறது. அதற்கு மேல் சொல்ல வேண்டுமாயின் சான்று வேண்டும். மக்திஸீயைச் சலிக்காமல் அப்படியே எடுத்துரைப்பது மன்கூல்தான்.

இடைக்கால ஐரோப்பாவில் 'தீஸிஸ்' எனப்பட்டது புத்தகம் அன்று. மாணவன் சபையில் முன்வைத்து வாதாடி நிலைநிறுத்த வேண்டிய ஒரு கூற்று மட்டுமே. 'வைக்கப்பட்டது' என்பதே அக்கிரேக்கச் சொல்லின் பொருள். இக்கால அரபிப் பல்கலைக்கழகங்களில் ஆய்வேட்டை 'உத்ரூஹா' என்கின்றனர்; முன்னே போடுதல், எடுத்து வைத்தல் என்னும் பொருளுடைய 'தரஹ' என்பதன் வழிவந்தது அச்சொல். இரு மொழிகளும் ஒரே கருத்தை வந்தடைந்திருப்பதை நோக்குக. தமிழில் நாம் 'ஆய்வேடு' என்கிறோம். இதில் ஆய்வும் ஏடும் உள, சபை இல்லை. சபை நமக்குப் புதிதன்று. நூலைப் பாடி முடித்த புலவர் சான்றோர் முன்னிலையில் அரங்கேற்றம் செய்யும் மரபு நம்முடையது. உமறுப் புலவரின் சீறாப்புராணமும் அவ்வழியே அரங்கேறியது.

டாக்டர் பட்டத்துக்கு ஒருவர் ஆய்வேடு எழுதுவதை யாரும் வியப்பதில்லை. இருபத்தொரு வயது நிரம்பாத இளங்கலை மாணவனிடம், 'இதுவரை படித்தது போதும். இனி நீயாக ஒன்றை எழுதிக் காட்டு' என்று கேட்டதுதான் புதுமை. அமெரிக்காவில் ஆரெகன் மாநிலத்துப் போர்ட்லண்டில் 1911 இல் வகுப்புகளைத் தொடங்கிய ரீட் கல்லூரி, 1915 இல் வெளியேறிய தன் முதல் அணி மாணவர்களிடமே இவ்வாறு கேட்டது. ஆய்வேடும் அதன்மேல் வாய்மொழித் தேர்வும் அங்கே எல்லார்க்கும் கட்டாயம். பென்சில்வேனியாவில் குவேக்கர் சமயத்தார் நிறுவிய ஸ்வார்த்மோர் கல்லூரிக்கு 1921 இல் தலைவராக வந்த ஃபிராங்க் ஐடலட், தாம் ஆக்ஸ்போர்டில் கண்ட முறையைத் தழுவி 1922 இல் 'ஹானர்ஸ்' திட்டத்தைத் தொடங்கினார். சிறு சிறு குழுக்களாக அமர்ந்து கட்டுரை படித்து விவாதிப்பது, இறுதியில் வெளியூர்க் கல்லூரிகளிலிருந்து வரும் அறிஞர்களால் சோதிக்கப்படுவது என்பன அதன் இயல்புகள். பாடம் சொன்னவரே மதிப்பெண் இடுவதில்லை. ஆசிரியரும் மாணவரும் ஒரே பக்கத்தில் நின்று வெளியாரை எதிர்கொள்ளும் இவ்வேற்பாட்டை நான் பெரிதும் மதிக்கிறேன். பிரின்ஸ்டனில் கணித அறிஞர் லூதர் ஐசன்ஹார்ட் வகுத்த 1923 ஆம் ஆண்டுத் திட்டத்தின் வழியே இறுதியாண்டு ஆய்வேடு வேரூன்றிற்று.

இவ்வாறு எழுதப்பட்டவற்றுள் மிகப் பல நூலக அலமாரியிலேயே உறங்குகின்றன. அதில் குற்றமில்லை, நிஜாமிய்யாவின் தஃலீகாக்களிலும் பெரும்பாலானவை மறைந்தே போயின. சில மட்டும் வெளியே நடந்தன. ஜான் கென்னடி 1940 இல் ஹார்வர்டில் மியூனிக் உடன்படிக்கையைப் பற்றி எழுதியது அவ்வாண்டே நூலாயிற்று. ஹென்றி கிஸ்ஸிஞ்சர் 1950 இல் அங்கேயே வரலாற்றின் பொருளைப் பற்றி 388 பக்கம் எழுதிக் குவித்தார். இனி எவரும் அவ்வளவு எழுதலாகாது என்று வரம்பு விதிக்கப்பட்டதாக ஒரு பேச்சு வழங்குகிறது. நம் சமுதாயத்துக்கு நேராகத் தொடர்புடைய ஆய்வேடு ஒன்று உண்டு. அதனைச் சற்று விரிவாகவே காண்போம்.

அது 1910 இல் ஆக்ஸ்போர்டின் ஜீஸஸ் கல்லூரி மாணவர் ஒருவர் எழுதியது. அப்போதுதான் அங்குள்ள வரலாற்றுத் துறை, தேர்வுத் தாள்களோடு ஓர் ஆய்வுரையையும் விரும்பினால் சேர்த்தளிக்கலாம் என இடம் தந்திருந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதிவரை ஐரோப்பியக் கோட்டைக் கட்டடக் கலையில் சிலுவைப் போர்கள் ஏற்படுத்திய தாக்கம் என்பது பொருள். மாணவரின் பெயர் தாமஸ் எட்வர்ட் லாரன்ஸ். பின்னாளில் 'அரேபியாவின் லாரன்ஸ்' எனப்பட்டவர். ஃபிரெஞ்சு நாட்டுக் கோட்டைகளை மிதிவண்டியில் ஏற்கெனவே சுற்றிப் பார்த்திருந்த அவர், ஷாம் நாட்டுக் கோட்டைகளையும் நேரில் கண்டே எழுதுவது என்று முடிவு செய்தார். அரபு நாட்டில் பயணம் செய்து பெயர்பெற்ற முதியவர் டவ்ட்டி, கோடை வெயிலில் நடந்து செல்லுதல் தகாது என்று எச்சரித்தார். இளைஞர் கேட்கவில்லை. ஆக்ஸ்போர்டிலிருந்த ஷாம் நாட்டுப் பாதிரியார் ஒருவரிடம் சிறிது அரபி கற்றுக்கொண்டு, உதுமானிய அரசின் அனுமதிக் கடிதங்களையும் பெற்றுக்கொண்டு, 1909 கோடையில் புறப்பட்டார். ஏறத்தாழ 1,000 மைல் நடந்தார். 36 கோட்டைகளைப் பார்த்தார். படம் வரைந்தார், அளந்தார். மலேரியா வாட்டியது. ஒளிப்படக் கருவி களவு போயிற்று. ஒருவன் வழிமறித்து அடித்துப் பொருளைப் பறித்தான். இமாமவர்களுக்கு நேர்ந்தது போன்ற வழிப்பறி. இங்கே உபதேசம் சொல்ல மட்டும் யாரும் இல்லை.

இரவுகளில் அவருக்கு இடம் கொடுத்தவர்கள் சிற்றூர் மக்கள். ரொட்டியும் தயிரும் படுக்கையும் கொடுத்து வழியனுப்பினர். ஆய்வேட்டில் அவர்களுக்கு இடமில்லை. அவர்களுடைய பாட்டன்மார் கட்டடக் கலைக்கும் அதில் அதிக இடமில்லை. அதுவே நான் சொல்ல வந்தது.

ஐரோப்பியர் கோட்டை கட்டும் நுட்பங்களைக் கீழ்த்திசையிலிருந்து கற்றுச் சென்றனர் என்பது அந்நாளில் சார்லஸ் ஓமன் முதலிய பேரறிஞர்களின் கருத்து. மாணவர் லாரன்ஸ் அதனை மறுத்தார். சிலுவைப் படையினர் மேற்கிலிருந்து கொண்டுவந்த கலையையே ஷாமில் நட்டனர். கிழக்கிடம் அவர்கள் பெற்றது மிகச் சிறிது என்பது அவர் வாதம். பெரியோர் சொன்னதை அப்படியே நகலெடுக்காமல், கால் தேய நடந்து, கண்ணால் கண்டு மறுத்த அத்துணிவுக்கு முதல் வகுப்புக் கிடைத்தது. கிடைத்தது முறையே. ஆனால் முடிவு முழுவதும் சரியன்று. ஹிம்ஸ் நகருக்கு மேற்கே உள்ள ஹிஸ்னுல் அக்ராத் கோட்டையைச் சிலுவை வீரர்களின் கோட்டைகளுக்கெல்லாம் அரசி என்பர். 'குர்திகளின் கோட்டை' என்னும் அப்பெயரே அதன் முன்வரலாற்றைச் சொல்லும். 1031 இல் ஹிம்ஸ் அமீர் குர்திப் படையினரைக் குடியமர்த்தி அங்கே அரண் எழுப்பியிருந்தார். 1142 இல்தான் அது ஹாஸ்பிட்டலர் என்னும் சிலுவை வீரர் குழுவின் கைக்குச் சென்றது. 1271 இல் சுல்தான் பைபர்ஸ் அதனை மீட்டுப் புதுப்பித்தார். இன்று நாம் காணும் கோட்டை இத்தனை கைகளின் வேலை.

இன்னும் திட்பமான சான்று ஒன்று சொல்வேன். வாயிலுக்கு மேலே சுவரிலிருந்து வெளியே பிதுங்கி நிற்கும் சிறு மாடத்தை அமைத்து, அதன் அடித்துளை வழியே பகைவர்மேல் கல்லும் கொதிநீரும் கொட்டுவது கோட்டைக் கலையின் ஒரு நுட்பம். ஐரோப்பாவில் இது பன்னிரண்டாம் நூற்றாண்டின் கடைசியில்தான் தலைகாட்டுகிறது. பல்மைராவுக்கு வடகிழக்கே பாலைவெளியில், உமையாக் கலீஃபா ஹிஷாம் காலத்தில் ஹிஜ்ரி 110 இல் (கி.பி. 728–29) எழுந்த கஸ்ருல் ஹைர் அஷ்ஷர்கீயின் வாயிலில் இம்மாடம் இருக்கிறது. இடையே நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல். லாரன்ஸின் நடைவழி அப்பாலைப் பக்கம் செல்லவில்லை. சென்ற இடத்தைச் செம்மையாகப் பார்த்தவர், செல்லாத இடத்தைப் பற்றியும் சேர்த்துத் தீர்ப்பு எழுதிவிட்டார். இளம் ஆய்வாளர்க்கு மிக இயல்பான வழுவல் இது. முதிய ஆய்வாளர்க்கும் அயலானதன்று.

ஆய்வேடு அவர் மறைந்த மறு ஆண்டு, 1936 இல், நூலாக அச்சேறியது. தம் கைப்பிரதியின் ஓரங்களில் அவரே பிற்காலத்தில் குறிப்புகள் எழுதி வைத்திருந்தார். நம் மத்ரஸா வழக்கில் சொல்வதானால், தம் ரிஸாலாவுக்குத் தாமே ஹாஷியா எழுதியிருந்தார். 1988 இல் டெனிஸ் பிரிங்கிள் என்னும் அறிஞர் முன்னுரையும் திருத்தக் குறிப்புகளும் சேர்த்து ஆக்ஸ்போர்டில் அதனை மீண்டும் வெளியிட்டார். எவர் எவரிடம் கற்றார் என்னும் வழக்கையே விட்டு, தாக்குவோனின் உத்திக்குத் தக்கபடி காப்போனின் சுவர் மாறியது, சுவருக்குத் தக்கபடி உத்தி மாறியது என்று நோக்குவாரும் இன்று உளர். ஒரு மாணவனின் ஆய்வேட்டை எழுபது எண்பது ஆண்டுகளுக்குப் பின்னும் எடுத்து வைத்துத் திருத்துகின்றனர் என்பதே அதற்குரிய மரியாதை. அவருடைய பிற்கால அரசியலைப் பற்றி நம் எழுத்தாளர்கள் நிரம்ப எழுதியுள்ளனர். அதனை ஈண்டுத் தொடேன்.

இதற்கு நான்காண்டுகளுக்குப் பின் கெய்ரோவில் நடந்தது எதிர்த்திசைப் பயணம். அஸ்ஹரில் பயின்ற கண்பார்வையற்ற இளைஞர் தாஹா ஹுஸைன், 1908 இல் தொடங்கப்பட்ட எகிப்தியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1914 இல் கவிஞர் அபுல் அலா அல்-மஅர்ரீயைப் பற்றிய ஆய்வேட்டைச் சபையறிய நிலைநிறுத்தி, அப்பல்கலைக்கழகத்தின் முதல் டாக்டர் பட்டத்தைப் பெற்றார். இளங்கலைப் படியன்று எனினும், அஸ்ஹரின் ஆலிம் பட்டம் தமக்கு மறுக்கப்பட்ட நிலையில் அவர் எழுதிய முதல் ஆராய்ச்சி அது. அவருடைய பிற்காலக் கருத்துகள் சிலவற்றை நம் உலமாக்கள் கடுமையாக மறுத்துள்ளனர். அம்மறுப்பில் நியாயமும் உண்டு. ஆயினும் பார்வையற்ற கவிஞரைப் பார்வையற்ற மாணவர் ஆராய்ந்த அந்நிகழ்ச்சி, உத்ரூஹா என்னும் முறை அரபு மண்ணில் மறுபடி கால் ஊன்றிய வேளையாகும். 1930 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அஸ்ஹரிலேயே உஸூலுத்தீன், ஷரீஅத், அரபி மொழி என மூன்று துறைக் கல்லூரிகள் அமைந்தபின் ஆய்வேடு அங்கும் ஊன்றிக்கொண்டது.

அறிவியலுக்கு வருவோம். 1939 இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இளங்கலை முடிக்கவிருந்த ரிச்சர்ட் ஃபைன்மன், பேராசிரியர் ஜான் ஸ்லேட்டரின் வழிகாட்டுதலில் மூலக்கூறுகளுக்குள் இயங்கும் விசைகளைப் பற்றி ஆய்வேடு எழுதினார். ஒரு மூலக்கூற்றில் அணுக்கருவின்மேல் எவ்வளவு விசை செயற்படுகிறது என அறிய, அணுக்கருக்களை இங்குமங்கும் சிறிது நகர்த்தி, ஒவ்வோர் இடத்துக்கும் ஆற்றலைத் தனித்தனியே கணக்கிட்டு வேறுபாடு காண்பது அதுவரை இருந்த நீண்ட வழி. குவாண்டம் முறைப்படி மின்னணுக்களின் பரவலை ஒருமுறை கண்டுகொண்டால் போதும். அதன்பின் பள்ளிப் பாடத்தில் வரும் மின்விசைக் கணக்கைக் கொண்டே விசையை நேராகக் காணலாம் என்று இம்மாணவர் காட்டினார். அவ்வாண்டே 'ஃபிஸிகல் ரெவ்யூ' என்னும் ஆய்விதழில் அது வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 21. இன்றும் வேதியியலார் நாள்தோறும் கையாளும் தேற்றம் இது.

அத்தேற்றத்தின் பெயரில் மற்றொருவரும் இருக்கிறார். 'ஹெல்மன்–ஃபைன்மன் தேற்றம்' என்பது அதன் முழுப்பெயர். ஜெர்மானியரான ஹான்ஸ் ஹெல்மன், மனைவி யூதர் என்பதால் நாஜிகளின் ஆட்சியில் வாழ இயலாது 1934 இல் சோவியத் நாட்டுக்குச் சென்றார். இதே முடிவைத் தம் 1937 ஆம் ஆண்டு நூலில் எழுதினார். மறு ஆண்டு ஸ்டாலின் ஆட்சியில் கைது செய்யப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒருவருக்கு அது முதற்படி. மற்றவருக்கு அது இறுதிப் படைப்புகளுள் ஒன்று. அறிவுலகம் இருவர் பெயரையும் சேர்த்தே ஓதுகிறது. நம் முஹத்திஸுகள் ஸனதைப் பேணிய நேர்மையின் சாயல் இதில் எனக்குத் தெரிகிறது.

கல்வித் துறைக்கு ஓர் எடுத்துக்காட்டு, பிரின்ஸ்டன் மாணவி வெண்டி காப் 1989 இல் எழுதிய ஆய்வேடு. நல்ல கல்லூரிகளில் பட்டம் பெற்ற இளைஞர்களை ஈராண்டுக்கு ஏழை மக்கள் வாழும் பகுதிப் பள்ளிகளில் ஆசிரியராக அனுப்பும் தேசியப் படை ஒன்று வேண்டும் என்பதே அதன் வாதமும் திட்டமும். எழுதி முடித்ததோடு நில்லாமல் பொருளும் திரட்டினார். 1990 இல் ஏறத்தாழ 500 ஆசிரியர்களோடு 'டீச் ஃபார் அமெரிக்கா' தொடங்கிற்று. அதன் வழியில் 'டீச் ஃபார் இந்தியா' 2009 இல் நம் நாட்டில் வகுப்பறைகளுக்குள் வந்தது. சென்னையிலும் பணி செய்கிறது. இத்திட்டத்தின்மேல் எனக்கு மனத்தாங்கல் உண்டு. சில வாரப் பயிற்சியோடு வகுப்பறைக்குள் நுழைந்து, மாணவர் முகங்கள் பழகும் வேளையில் பலர் வெளியேறிவிடுகின்றனர் என அமெரிக்கக் கல்வியாளர்களே குறை கூறினர். ஆசிரியத் தொழில் ஈராண்டு நேர்ச்சை அன்று. ஆயினும் இருபத்திரண்டு வயதில் ஒரு பெண் தாளில் எழுதியது ஒரு நாட்டின் பள்ளிகளுக்குள் நுழைந்தது என்பதை எவரும் மறுக்கவியலாது.

கதையும் கவிதையும் பட்டத்துக்குரிய ஆய்வேடு ஆகுமா என்பது நீண்ட நாள் வழக்கு. 1922 இல் அயோவாப் பல்கலைக்கழகம் உயர்பட்டங்களுக்குப் படைப்பிலக்கியத்தையும் ஏற்பதாக அறிவித்தது. பிரின்ஸ்டனில் படைப்பிலக்கியப் பயிற்சி 1939 இல் தொடங்கிற்று. அங்கே ஜோனதன் சாஃப்ரன் ஃபோயர் என்னும் மாணவர், தம் பாட்டனாரின் பழைய ஊரைத் தேடி உக்ரைனுக்குச் சென்று வந்து, எழுத்தாளர் ஜாய்ஸ் கரோல் ஓட்ஸின் வழிகாட்டுதலில் எழுதிய ஆய்வேடு, 2002 இல் நாவலாக வெளிவந்து பேர்பெற்றது. ரீட் கல்லூரியில் கேரி ஸ்னைடர் 1951 இல் எழுதியதோ கவிதையன்று. கனடாவின் பசிஃபிக் கரையோரத் தீவுகளில் வாழும் ஹைடா மக்களின் ஒரே ஒரு பழங்கதையை எடுத்துப் பல கோணங்களில் ஆராய்ந்தது. 1975 இல் கவிதைக்காகப் புலிட்ஸர் பரிசு பெற்ற அவருடைய அம்மாணவ நூல் 1979 இல் அச்சேறியது. கவிஞராக விரும்பியவர் முதலில் ஒரு சிறு சமுதாயத்தின் கதையை அமர்ந்து கேட்கக் கற்றார் என்பது என்னைக் கவர்ந்த செய்தி.

நம் நாட்டில் பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட திட்டம், நான்காண்டு இளங்கலையில் முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காடு மதிப்பெண் பெற்றவர் இறுதியாண்டில் ஆய்வேடு எழுதி ஆராய்ச்சியோடு கூடிய ஹானர்ஸ் பட்டம் பெற வழி செய்தது. தமிழகத்து மூன்றாண்டுப் படிப்புகளிலும் இறுதியாண்டு 'ப்ராஜெக்ட்' பல துறைகளில் உண்டு. பல ஊர்களில் அவை விலைக்குக் கிடைக்கின்றன. கட்டமைத்து, அட்டையிட்டு, மாணவர் பெயர் மட்டும் பொறிக்க வேண்டியதாய். கொள்ளையனிடம் பையைப் பறிகொடுத்த மாணவரின் வரலாற்றைக் கேட்டு வளர்ந்த வீட்டுப் பிள்ளைகளும் இப்பையை விலை கொடுத்து வாங்குவது எனக்கு ஆற்றொணாத வருத்தம் தருகிறது.

அரபிக் கல்லூரிகளின் நிலை வேறு. அங்கே ஏமாற்று இல்லை, கேட்பதே இல்லை. பல மத்ரஸாக்களில் கிதாபுகளை ஓதி முடித்துத் தேர்வில் தேறியவருக்கு ஸனது வழங்கப்படுகிறது. அவர் தம் கையால் முப்பது பக்கமேனும் சொந்தமாய் எழுதினாரா என்று பார்ப்பதில்லை. பட்டமளிப்பு விழாவில் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் பெயர் மட்டும் முழங்கும். எழுதுதற்குப் பொருளில்லை என்று சொல்லவியலாது. தைக்கா ஷுஐப் ஆலிம் அவர்கள் தமிழகத்திலும் இலங்கையிலும் அரபி, அர்வி, பார்ஸி மொழிகளில் எழுந்த நூல்களைப் பற்றி 1993 இல் வெளியிட்ட பெருநூல் அவர்களின் டாக்டர் பட்ட ஆய்விலிருந்து எழுந்தது. அதில் குறிக்கப்பட்ட நூல்களில் ஒவ்வொன்றையும் ஒரு மாணவர் எடுத்துக்கொள்ளலாம். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் பழைய வீட்டுப் பெட்டிகளில் அர்வி ஏடுகளும் கல்லச்சுப் பிரதிகளும் கிடக்கின்றன. ஓர் ஏட்டை எடுத்து, எழுதியவர் யார், படியெடுத்தவர் யார், எந்த ஆண்டு, ஓரத்தில் குறிப்பு எழுதியது எந்த உஸ்தாதின் கை, சொற்களுள் எவை தமிழ், எவை அரபி என்று ஓராண்டு அமர்ந்து பிரித்து எழுதட்டும். எழுதியதை வேற்று மத்ரஸாவின் ஆலிம் ஒருவர் முன்னிலையில் சபையில் வைக்கட்டும். இதற்கு ஆயிரம் மைல் நடக்க வேண்டியதில்லை. பெட்டியைத் திறக்க அவ்வீட்டுப் பெரியம்மாவின் சம்மதம் வேண்டும். கரையானுக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும்.